அடைப்புக்குறிக்குள் விடை: மாதிரி வினாத்தாள் பயன்பாடு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப்பொருள்: மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணக்குப்பதிவியல் மாதிரி வினாத்தாள். ஆய்வுக்களம்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஆய்வுக்காலம்: அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் தொடங்கி மார்ச் வரை. ஆய்வுக்கு உட்பட்டோர்: என் மகளும் அவள் தோழி ஒருத்தியும். நிதி நல்கை: என் சட்டைப்பை, முக்காலும் செராக்ஸ் கடை வழியாக.

ஆய்வென்றால் வரலாறு வேண்டும். இரட்டைப்பதிவு முறையை அச்சில் விளக்கிய லூகா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. லியொனார்டோ டாவின்சிக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1494இல் வெனிஸில் வெளிவந்த அவருடைய பெருநூலைச் சுருக்கமாகச் 'சும்மா' என்பார்கள். லத்தீனில் அதற்குத் 'தொகை' என்று பொருள். நம்மூர்ச் சும்மாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அறிஞர் கருத்தாக இருக்கலாம். "என்னம்மா பண்றே?" என்று கேட்டால், திறந்த வினாத்தாளின் முன்னால் உட்கார்ந்துகொண்டு "சும்மாதாம்ப்பா" என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்த எனக்கு அதில் ஐயம் உண்டு.

வினாத்தாளின் உடற்கூறு எளிது. ஒரு மதிப்பெண் வினா 20. இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, மூன்று மதிப்பெண்ணிலும் பத்துக்கு ஏழு. ஐந்து மதிப்பெண்ணில் 'அல்லது' போட்ட ஏழு. ஆக 90. மீதி 10 அகமதிப்பீடு. 30ஆவது வினாவும் 40ஆவது வினாவும் கட்டாயம். மகளுக்குப் பாடம் மறந்தாலும் இது மறக்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டேன், சரியாகச் சொன்னாள். பிறகு ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்டாள்.

இத்தாள்களுக்குள் ஒரு தனிச் சமூகம் வாழ்கிறது. மானிடவியலார் அங்கே போய் ஆறு மாதம் தங்க வேண்டும். அங்கே எல்லோரும் கூட்டாளிகள். 3:2 என்ற விகிதத்தில் இலாபம் பகிர்வார்கள். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்த உடனே, அதுவரை யாருக்கும் தோன்றாத ஞானம் பிறந்து, கட்டடத்தின் மதிப்பைக் கூட்டுவார்கள், இயந்திரத்தின் மதிப்பைக் குறைப்பார்கள், வாராக்கடனுக்கு 5% ஒதுக்குவார்கள். ஒப்பாவணம் எழுதிக்கொள்ளும் வழக்கம் பலரிடம் இல்லை. அதனால் 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் அடிக்கடி வந்து இலாபத்தைச் சமமாகப் பிரித்து, முதலுக்கு வட்டி கிடையாது, கடனுக்கு 6% என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகும். யாருக்கும் வருத்தமில்லை.

அவர்களுடைய சாவுதான் என்னை வியக்கவைத்தது. ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 என்று, நான் புரட்டிய தாள்களில் கூட்டாளிகள் மாதக் கடைசியாகப் பார்த்தே கண்மூடுகிறார்கள். இறந்த நாள்வரைக்குமான இலாபத்தை மாதக் கணக்கில் வகுக்க அதுதான் தோது. பதினேழாம் தேதி செத்து மாணவர்களை நாள் கணக்கு எண்ணவைக்கும் கல்நெஞ்சர் அந்த ஊரில் அரிது. எடுப்புகளுக்கும் அதே ஒழுங்கு. மாதத் தொடக்கத்தில் தவறாமல் பணம் எடுத்தால் வட்டி ஆறரை மாதத்துக்கு, நடுவில் எடுத்தால் ஆறு, கடைசியில் எடுத்தால் ஐந்தரை. நிஜத்தில் எங்கள் தெருவில் கூட்டாகக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி, கல்லாவில் கை விட்டதற்குத் தேதியும் இல்லை, வட்டியும் இல்லை. பேச்சுவார்த்தையும் இப்போது இல்லை.

இனி ஆய்வின் மையம். கணக்கின் கீழே, அடைப்புக்குறிக்குள், 'விடை: இருப்புநிலைக் குறிப்பின் மொத்தம்' என்று ஒரு தொகை அச்சாகியிருக்கும். மாணவரின் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். வினாவைப் படிப்பது அப்புறம். மலையேறுவதற்கு முன்பே உச்சியிலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கமாக ஏறினாலும் ஏற்றம்தான் என்பது அவர்கள் கொள்கை.

பாடநூல் பிழைகளை விடு பிழை, செய் பிழை, விதிப்பிழை, ஈடுசெய் பிழை என நான்காக வகுக்கிறது. வினாத்தாள் பயிற்சிக்கும் இவை பொருந்தும். செராக்ஸ் எடுத்து அடுக்கி வைத்துவிட்டுத் தொடாமலே இருப்பது விடு பிழை. கைடைப் பார்த்துக் கையெழுத்துப் பயிற்சி செய்வது செய் பிழை. 1,200 மதிப்பெண் காலத்துப் பழைய தாளை அண்ணனிடமிருந்து வாங்கி, கணக்குப்பதிவியலுக்கு 200 என்று நம்பி உழைப்பது விதிப்பிழை. நான்காவதற்குச் சான்று என் வீட்டிலேயே கிடைத்தது.

பிப்ரவரியில் ஓரிரவு. பள்ளியில் கொடுத்த தாள், கூட்டாளி சேர்ப்புக் கணக்கு, ஐந்து மதிப்பெண். கீழே விடை ₹1,86,500. மகள் முகத்தில் வெற்றி. மேசையில் ரப்பர்த் தூள். தூள் இருக்கும் இடத்தில் ஆய்வாளன் குனிய வேண்டும். குனிந்தேன்.

"சரக்கிருப்பு 24,000னுதானே வினாவுல இருக்கு? நீ 24,900 போட்டிருக்கியே?"

"அப்பத்தாம்ப்பா டேலி ஆகுது."

"கடனீந்தோர்லயும் 900 கூட இருக்கு?"

"ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு இருக்கணும்ல?"

பச்சோலி கேட்டிருந்தால் அங்கியைக் கழற்றிக் கொடுத்திருப்பார். நான் தாளை வாங்கி, பதினொரு மணிவரை போட்டுப் பார்த்தேன். இரு பக்கமும் 1,85,600. மறுபடி போட்டேன். அதே 1,85,600. வித்தியாசம் 900.

கணக்கெழுதுவோருக்கு இங்கே ஒரு பழைய உபாயம் உண்டு. இருப்பாய்வு இடித்தால் வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பார். அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கலாம். ஒன்பதால் வகுத்துப் பார். மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 65 என்பது 56 ஆனால் வித்தியாசம் 9. எந்த இரண்டு இலக்கத்தை மாற்றினாலும் ஒன்பதின் மடங்குதான் வரும். 900ஐ வகுத்தேன், வகுபட்டது. ஆனால் மகளுடைய தாளில் எந்த இலக்கமும் இடம் மாறவில்லை. மாறியிருந்தது அடைப்புக்குறிக்குள். அச்சுக் கோத்தவரின் விரல் 85,6 என்பதை 86,5 ஆக்கியிருக்கிறது.

அவள் முதலில் போட்டதுதான் சரி. சரியான விடையை மெனக்கெட்டு அழித்து, அச்சுப்பிழைக்கு ஏற்ப இரண்டு பக்கமும் சமமாகத் தவறு செய்து, டேலி ஆக்கியிருக்கிறாள். அதிலும் ஒரு விவரம்: 900ஐ மொத்தமாக ஒரு பக்கம் ஏற்றிவிட்டு அனாமத்துக் கணக்கில் தள்ளவில்லை. நடப்புச் சொத்திலும் நடப்புப் பொறுப்பிலும் போட்டிருக்கிறாள். தணிக்கையாளருக்கே சட்டென்று தட்டுப்படாது.

"கீ தப்பும்மா. நீ முதல்ல போட்டதையே எழுதிடு."

"கீல எப்படி இருக்கோ அப்படித்தாம்ப்பா திருத்துவாங்க."

தாள் இரண்டு நாளில் திரும்பி வந்தது. அறுபது தாளை ஓரிரவில் திருத்தும் ஆசிரியை, பக்கத்தில் கீயை வைத்துக்கொண்டு மொத்தத்தைப் பார்த்திருக்கிறார். மகளுக்கு ஐந்துக்கு ஐந்து. 1,85,600 என்று நேர்மையாக விட்டுவிட்ட தோழிக்கு நாலு, கூடவே சிவப்பு மையில் 'மொத்தத்தைச் சரிபார்க்கவும்'.

அன்று மாலை தோழி போன் செய்தாள். கூடத்தில் ஸ்பீக்கரில் கேட்டது.

"அந்த 900 எங்கேருந்துடி வந்துச்சு? நானும் நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.