படிச்ச மனுஷர்

தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருக்கும். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், "ஏதோ குமாஸ்தா உத்தியோகம்" என்று முப்பது வருட சர்வீஸை மூன்று சொல்லில் முடித்துவிடுவார். "அப்பதான் சார், மோகமுள் படிச்சேன்" என்று ஆரம்பித்தாரானால் நீங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

அவர் காலண்டரே தனி. கல்யாணம் நடந்த வருஷத்தை மனைவியிடம் கேட்டுத்தான் சொல்வார். ஆனால் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தது 1972 என்பது தூக்கத்திலும் தெரியும். இளைய மகள் பிறந்தது, விஷ்ணுபுரம் வெளிவந்த 1997-இல். குழந்தை என்ன எடை இருந்தாள் என்று கேட்காதீர்கள். நாவலின் எடையைக் கையால் தூக்கிக் காட்டுவார்.

ஊர்களையும் அப்படித்தான் பார்ப்பார். குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் போனால் மற்றவர்கள் பெருமாளைச் சேவிக்க வரிசையில் நிற்பார்கள். இவர் சுஜாதா வளர்ந்த தெருவைத் தேடிப் போய்விட்டுப் பிரசாதத்துக்குச் சரியாக வந்து சேருவார். வீராணம் ஏரித் தண்ணீர் 2004-இலிருந்து சென்னைக்குக் குழாயில் வருகிறது. சில நாள் கொஞ்சம் கலங்கலாக வரும். மனைவி முகம் சுளித்தால், "வந்தியத்தேவன் குதிரையில போன ஏரிம்மா அது" என்பார். "அந்தக் குதிரை தண்ணியில இறங்கிடுச்சு போலிருக்கு" என்று அந்த அம்மாள் குடத்தை வடிகட்டிக்கொண்டிருப்பார்.

2022-இல் பொன்னியின் செல்வன் படமாக வந்தபோது தியேட்டரில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது. "நாவல்ல இது இப்படி இல்ல சார்" என்று ஐந்து பாகத்தையும் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். இடைவேளைக்குப் பிறகு அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

சொத்து வரியைச் சிரித்த முகத்தோடு கட்டுகிற மனிதர் தமிழ்நாட்டில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கிறதாம். 1948-ஆம் வருடத்துப் பொது நூலகச் சட்டத்தைப் பற்றி வரி கவுண்டரில் விளக்க ஆரம்பித்தால் பின்னால் வரிசை வாசல்வரை நீளும்.

ஜனவரியில் புத்தகக் கண்காட்சி வந்துவிட்டால் ஒரு கடத்தல்காரர் ஆகிவிடுவார். புதிய புத்தகங்கள் காய்கறிப் பைக்குள் கீரைக்கட்டுக்குக் கீழே படுத்து வீட்டுக்குள் நுழையும். பிடிபட்டால், "பழசுதான், பாதி விலை." அலமாரி நிறைந்து, கட்டிலடி நிறைந்து, இப்போது பரணிலும் இடமில்லை. அவற்றில் பாதியை அவர் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சமீப காலமாகப் புத்தகத்தைவிட மதிப்புரைகளைத்தான் அதிகம் படிக்கிறார். இரவல் மட்டும் லேசில் தரமாட்டார். பெயர், தேதி, கையெழுத்து என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அவரே பிறரிடம் வாங்கித் திருப்பாத புத்தகங்களுக்கு அதில் பக்கம் ஒதுக்கவில்லை.

அந்த அலமாரியின் நடுத்தட்டில் ஐந்து தடித்த பைண்டு வால்யூம்கள். 1950-இலிருந்து 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வன், மணியம் படங்களோடு. "எங்க பரம்பரைச் சொத்து" என்று மார் தட்டுவார். வாராவாரம் தொடரைக் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து வைத்தவர் இவருடைய பாட்டி. அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவில் படித்த அந்தப் பாட்டியை யாரும் வாசகி என்று அழைத்ததில்லை. பாட்டிக்கும் அப்படி ஒரு பட்டம் இருப்பது தெரிந்திருக்காது.

இந்த வீட்டில் இப்போதும் அதுதான் நடக்கிறது. இவர் கூடத்தில் வாசிப்பைப் பற்றி எனக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார். உள்ளே குக்கரின் மூன்று விசிலுக்குள் ஒரு அத்தியாயம் முடிகிறது. வாடகை நூலகத்திலிருந்து வாரம் நாலு புத்தகம் வருகிறது. நாலும் கடைசிப் பக்கம்வரை படிக்கப்பட்டுத் திரும்பிப் போகிறது. அன்றைக்கு ஏதோ சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா அது, நல்லாயிருக்கா? முடிச்சதும் குடேன்."

"தரேங்க. அந்த நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோங்க."