புரிஞ்சுருச்சு சார்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சாஃப்ட்வேர் விற்க வருகிற கூட்டத்தில் ஒருவர் மட்டும் விலை பேச மாட்டார், கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்ட மாட்டார். கேட்டு எழுதிக்கொண்டு போவது மட்டுமே அவர் உத்தியோகம். விசிட்டிங் கார்டில் 'பிசினஸ் அனலிஸ்ட்' என்று இருக்கும். முழுக்கைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் தடித்த டைரி. டைரியில் கம்பெனி பெயரும் தேதியும் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே அதிகம் இருக்காது. எழுதுவதைவிட அவர் தலையாட்டுவது அதிகம்.

அந்தத் தலையாட்டலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாளி வாய் திறக்கும்போதே அது ஆரம்பித்துவிடும். வாக்கியம் பாதி வருவதற்குள் "புரிஞ்சுருச்சு சார்" விழுந்துவிடும். தமிழில் வேணுங்க, வேண்டாமுங்க இரண்டுமே வாக்கியத்தின் கடைசியில்தான் வரும் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கேள்வி கேட்டால் விஷயம் தெரியாத ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். தெரியாததைக் கேட்கத்தான் சம்பளமே என்பதை அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஒரு கம்பெனியில் அவர் வந்து போன கதையைச் சொன்னால் மற்றவை தானாக விளங்கும்.

முதல் சந்திப்பு மாடியில், ஏசி ரூமில். முதலாளி, அவருடைய மச்சான், ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒருவர், நான்கு காபி. "போனது வரணுங்க, அவ்வளவுதான்" என்றார் முதலாளி. சாயப்பட்டறைக்குத் துணி போகிறது, வருகிறது. போனதற்கும் வந்ததற்கும் கணக்கு வேண்டும் என்பது அவர் மனதில் இருந்தது. நம்மவர் டைரியில் எழுதினார்: 'அனுப்பிய எடையும் பெற்ற எடையும் சமமாக இருக்க வேண்டும்.'

பட்டறைக்குப் போன துணி அதே எடையில் திரும்பியதாகத் திருப்பூர் சரித்திரத்திலேயே கிடையாது. பருத்தியோடு பிறந்த மெழுகும் அழுக்கும் கொதிக்கவைத்து வெளுக்கும்போதே போய்விடும். 'பிராசஸ் லாஸ்' என்பார்கள். எத்தனை சதவீதம் வரை பொறுத்துக்கொள்வது என்பது துணிக்குத் துணி, கலருக்குக் கலர், பட்டறைக்குப் பட்டறை மாறும். பட்டறைக்காரர் சம்பந்தி முறை என்றால் இன்னும் கொஞ்சம் மாறும். முதலாளி இதைச் சொல்லவில்லை. மறைக்கும் எண்ணமெல்லாம் இல்லை; மூச்சு விடுவதையெல்லாம் யாரும் வந்தவரிடம் விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

சொல்லியிருக்கக்கூடியவர் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். டிசி போடுகிற அம்மா. டிசி, அதாவது டெலிவரி சலான், வெறும் துண்டுச்சீட்டு இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்கு சலானோடுதான் போக வேண்டும். பொதுவாக ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றைக்கே விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொண்டு வரி கேட்கும். எந்த லாட் எந்தப் பட்டறையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்பது அந்த அம்மாவின் விரல் நுனியில் இருக்கிறது. நம்மவர் அவரைத் தாண்டித்தான் மாடி ஏறினார், தாண்டித்தான் இறங்கினார். "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா கண்ணு?" என்று கேட்டதற்கும் "புரிஞ்சுருச்சுங்க" என்பதுதான் பதில்.

சம்பளக் கணக்கு மச்சானின் இலாகா. "ஆளு வந்தா சம்பளம், வரலீன்னா இல்லீங்க" என்றார். வருகை: ஒன்று அல்லது பூஜ்யம் என்று டைரியில் ஏறியது. காலை எட்டரைக்கு வந்து சாயங்காலம் ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட் என்பது டீக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். அவன் தூக்குவாளியை நிரப்புவதே அந்தக் கணக்கில்தான். பின்னால் வந்த சாஃப்ட்வேருக்கு மட்டும் அரை என்ற எண் தெரியாது. முதல் சனிக்கிழமை சம்பளம் வாங்க நின்ற ஓவர்லாக் டெய்லர்கள் அந்த சாஃப்ட்வேரைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே அச்சிட முடியாது.

டைரி பிறகு ஆங்கிலத்தில் ஒரு தடித்த அறிக்கையானது. ஸ்பைரல் பைண்டிங், பத்திக்குப் பத்தி எண். 'சிஸ்டம் வேகமாக இயங்க வேண்டும். திரைகள் எளிமையாக இருக்க வேண்டும்.' இந்த மாதிரி வரிகளை ஐஇஇஇ 830 என்ற தரநிலையின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்பு உதாரணம் காட்டியே விலக்கியிருக்கிறது. நன்றாக இயங்க வேண்டும் என்று எழுதிவைத்தால், நன்றாகத்தான் இயங்குகிறதா என்று எதை வைத்துச் சோதிப்பது? ஐபிஎம்மின் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸோ, மென்பொருள் வேலையிலேயே கஷ்டமானது எதைச் செய்வது என்று சரியாகத் தீர்மானிப்பதுதான் என்று 1986-லேயே எழுதிவிட்டார். நம்மவர் இரண்டையும் படித்தவர். சர்டிபிகேட் பரீட்சைக்கு.

முதலாளி அறிக்கையை வாங்கி, நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "எங்க போடணுங்க?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆயிரம் ரூபாய் செக்கைக்கூட அவர் இரண்டு தரம் பார்ப்பவர்.

பழி முழுவதையும் நம்மவர் தலையில் கட்டுவது தர்மம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்டவனை 'இதுகூடத் தெரியாதா' என்று நிற்கவைத்த ஊர் இது. அவருடைய ஆபீஸ் தந்த அவகாசமும் மூன்றே நாள். அதில் ஒரு நாள் முதலாளி குலதெய்வம் கோவிலுக்குப் போய்விட்டார்.

சாஃப்ட்வேர் வந்தது. நூறு கிலோ போய்த் தொண்ணூற்று நான்கு வந்த லாட்டை டிசி அம்மா அடித்தார். மீதி ஆறு கிலோ எங்கே என்று சிவப்பு எழுத்தில் கேட்டது. நம்மவர் கேட்காமல் விட்ட கேள்வியைக் கடைசியில் மெஷின் கேட்டேவிட்டது. பதில் எழுத அதில் இடம் இல்லை. அந்த அம்மா இரண்டு நாள் மல்லாடிப் பார்த்தார். மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் நூறு என்று அடித்தார். தொண்ணூற்று நான்கைத் தன் பழைய நீள நோட்டில் குறித்துக்கொண்டார். சிவப்பு மறைந்தது. நம்மவருடைய ஆபீசில் 'பயனர்கள் பழகிவிட்டார்கள்' என்று பதிவானது.

மாதக் கடைசியில் முதலாளி ஸ்டாக் ரிப்போர்ட்டைப் பார்த்தார். துணி ஏகப்பட்டது இருந்தது. சந்தோஷமாக இன்னொரு ஆர்டருக்குச் சரி சொன்னார். மறுநாள் கட்டிங் மாஸ்டர் மாடி ஏறி வந்து, "துணி எங்கீங்க?" என்றார். ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். "இந்தக் காகிதத்தையே வெட்டட்டுங்களா?" என்றார் மாஸ்டர்.

நம்மவரைக் கூப்பிட்டார்கள். பிராசஸ் லாஸ் என்ற சங்கதி அறிக்கையில் எங்குமே இல்லை, அதைச் சேர்ப்பது 'சேஞ்ச் ரெக்வஸ்ட்', அதற்குத் தனிக் கட்டணம் என்று பணிவாகச் சொல்லி, பழைய பாக்கிக்கான பில்லையும் நீட்டினார். முதலாளி பில்லை வாங்கி, மேசைக் கால்குலேட்டரை இழுத்துத் தட்டி, ஒரு தொகையை அடித்து வேறு எழுதினார்.

"ஆறு பர்சன்ட் பிராசஸ் லாஸ் கழிச்சிருக்கேனுங்க."

"சார், அது நம்ம டாக்குமென்ட்டுல இல்லீங்களே!"

"அதுல எதுதானுங்க தம்பி இருக்குது?"