சமபலச் சண்டையில் ஜெயிப்பது யார்?

சிமுலேட்டரில் போர்விமானம் ஓட்டும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த வாரப் பதில்கள்.

கே: நண்பர்கள் 1940-ஆம் ஆண்டு விமானங்களில் ஒருவருக்கு ஒருவர் மோதுகிறோம். ஸ்பிட்ஃபயர் மார்க் 1 எடுப்பதா, மெஸ்ஸர்ஷ்மிட் 109-இ எடுப்பதா?

ப: உச்ச வேகம் இரண்டுக்கும் மணிக்கு 570 கி.மீ.யை ஒட்டித்தான். எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஸ்பிட்ஃபயரின் இறக்கைப் பரப்பு 22.5 சதுர மீட்டர், 109-க்குச் சுமார் 16. அதனால் வட்டமடிப்பதில் ஸ்பிட்ஃபயர் கெட்டி, மூக்கைக் கவிழ்த்துப் பாய்வதில் 109 கெட்டி. எதை வேண்டுமானாலும் எடுங்கள். அதற்குப் பிடித்த சண்டையை மட்டும் போடுங்கள்.

கே: எதிராளியைக் கண்டதும் ஸ்டிக்கை வயிறு வரை இழுத்துத் திரும்புகிறேன். ஆனாலும் அரை நிமிடத்தில் என் வாலில் இருக்கிறார். எப்படி?

ப: வயிறு வரை இழுப்பதால்தான்! 4 ஜி இழுத்துத் திரும்பினால் இறக்கை விமானத்தின் எடையைப் போல் நான்கு மடங்கு தூக்க வேண்டும். அந்தத் தூக்கலுக்காக எழும் இழுவை, அதே வேகத்தில் 16 மடங்கு ஆகிறது. எஞ்சினால் அதை ஈடுகட்ட முடியாது, வேகம் கரைகிறது. போதாக்குறைக்கு, 4 ஜி-யில் ஸ்டால் ஆகும் வேகமும் இரண்டு மடங்காகிவிடும். முதல் அரை வட்டத்தில் நீங்கள் முந்துவீர்கள், அடுத்த வட்டத்தில் கையில் வேகம் இருக்காது. அளவாக இழுத்த எதிராளியிடம் அது இருக்கும்.

கே: அப்படியானால் வேகமாகவே திரும்பலாமே?

ப: அதுவும் கூடாது. 4 ஜி-யில் மணிக்கு 540 கி.மீ. வேகத்தில் முழு வட்டம் போட 25 வினாடி, அரைவிட்டம் 590 மீட்டர். அதே 4 ஜி-யில் 360 கி.மீ. என்றால் 17 வினாடிக்குள் முடியும், அரைவிட்டமும் 260 மீட்டர்தான். ஒவ்வொரு விமானத்துக்கும் நன்றாகத் திரும்பும் வேகம் ஒன்று உண்டு. பயிற்சி நேரத்தில் தனியாகச் சுற்றிப் பார்த்து, உங்கள் விமானத்துக்கு அது எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.

கே: உயரம் முக்கியமா, வேகம் முக்கியமா?

ப: உயரம் வங்கிச் சேமிப்பு, வேகம் கையிலுள்ள ரொக்கம். இரண்டையும் சேர்த்தால்தான் உங்கள் சொத்து. இழுவையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 540 கி.மீ. வேகத்தின் மதிப்பு சுமார் 1,150 மீட்டர் உயரம். 360 கி.மீ.க்கு 510 மீட்டர்தான். அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்டு 1960-களில் தாமஸ் கிறிஸ்டியுடன் சேர்ந்து இதைத்தான் எனர்ஜி கோட்பாடாக வகுத்தார். ஒரே ரக விமானத்தில் இருவர் மோதினால் ஊதாரி தோற்பார்.

கே: நேருக்கு நேர் வரும்போது சுடலாமா?

ப: வேண்டாம். அது நாணயம் சுண்டுவது. திறமை காட்ட வேண்டிய இடம் கடந்துபோன பிறகுதான் தொடங்குகிறது.

கே: கடந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புவது?

ப: இருவரும் அவரவர் இடப்பக்கம் திரும்பினால் வானில் இரண்டு வட்டங்கள். அங்கே வினாடிக்கு அதிக டிகிரி திரும்புபவருக்கே வெற்றி. நீங்கள் இடம், அவர் வலம் என்றால் இருவரும் ஒரே திசைக்குத் திரும்புகிறீர்கள், வட்டம் ஒன்றாகிவிடும். அங்கே சிறிய வட்டம் போடுபவர் ஜெயிப்பார். வேகம் மிச்சமிருந்தால் முதலாவது, மெதுவாகப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது.

கே: ஒரே வட்டத்தில் எதிரும் புதிருமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறோம். எப்படி உடைப்பது?

ப: சமதளத்தை விட்டு வெளியே வாருங்கள். மூக்கைச் சற்றே வட்டத்துக்குள் கீழே இறக்கி, வேகம் சேர்த்து, குறுக்கே வெட்டி மேலே எழுங்கள். இதற்கு லோ யோ-யோ என்று பெயர். நெருங்கும் வேகம் மிஞ்சி அவரைத் தாண்டிவிடுவோம் என்று தோன்றினால் ஹை யோ-யோ: மேலே ஏறி வேகத்தை உயரமாக மாற்றி, அவர் வால் பக்கம் இறங்குங்கள். ஒரே தடவையில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பதினைந்து டிகிரி கிடைத்தாலே போதும்.

கே: 109-ஐத் துரத்தினால் மூக்கைச் சட்டென்று கவிழ்க்கிறார். நானும் கவிழ்த்தால் என் எஞ்சின் இருமுகிறது. சிமுலேட்டர் கோளாறா?

ப: இல்லை, சரித்திரமே அப்படி. ஸ்பிட்ஃபயரின் ஆரம்பகால மெர்லின் எஞ்சினில் மிதவை கார்புரேட்டர். எதிர்மறை ஜி-யில் எரிபொருள் ஓட்டம் தடுமாறும். 109-இல் நேரடி எரிபொருள் செலுத்தம், அதற்கு அந்தக் கவலை இல்லை. 1941-இல் பீயட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் துளையிட்ட சிறு தகடு ஒன்றால் இந்தக் குறையைப் பெருமளவு தணித்தார். நீங்கள் ஓட்டுவது 1940 விமானம். ஆகவே முதலில் தலைகீழாகப் புரண்டு, பிறகு ஸ்டிக்கை இழுத்துப் பின்தொடருங்கள். எஞ்சின் நிற்காது.

கே: டாங்கை நிரப்பிக்கொண்டு போகலாமா?

ப: பத்து நிமிடச் சண்டைக்கு எதற்கு? ஸ்பிட்ஃபயரில் பாதி டாங்க் போதும், சுமார் 140 கிலோ குறையும்.

கே: எவ்வளவு தூரத்தில் சுடுவது?

ப: இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகள் ஒன்றுகூடும் இடத்தில். 1940-இல் பிரிட்டிஷ் விமானிகள் பலர் அதை 250 கஜத்துக்கு, அதாவது சுமார் 230 மீட்டருக்கு அமைத்தார்கள். நீங்களும் அப்படியே அமைத்து, அதற்கு முன் சுடாமல் பொறுங்கள்.

கே: சீக்கிரம் தேற ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

ப: நண்பரும் நீங்களும் விமானத்தை மாற்றிக்கொண்டு மோதுங்கள். எதிராளியின் விமானம் எங்கே திணறுகிறது என்பது அதில் உட்கார்ந்தால்தான் தெரியும். ஒவ்வொரு சண்டையையும் பதிவுசெய்து, தோற்ற ஆட்டங்களை முதலில் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் வேகத்தை வீணாக்கினீர்கள் என்பதைக் கண்டுபிடித்து, அடுத்த ஆட்டத்தில் அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள்.