ஓசூர் சிப்காட் பகுதியில் பெயர் வினவுதல்: ஒரு முன்னோடி ஆய்வு

1. ஆய்வின் தேவை

சிப்காட் தொழிற்பேட்டையின் லாரிகளையும் கைக்கடிகாரங்களையும் ஆராய ஆள் உண்டு. பட்டறை மூலையில், தூசி படிந்த லினக்ஸ் கணினி ஒன்று நாள் முழுக்கப் பெயருக்கு எண் சொல்லிக்கொண்டிருக்கிறதே, அதை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. நெட் நின்றால் மட்டும் எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள். திட்டு வாங்கும் எதுவும் ஆய்வுக்குரியதே.

2. வரலாறு

தொடக்கத்தில் கணினிகளின் பெயர்ப் பட்டியல் ஒரே கோப்பாகக் கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இருந்தது, தேவைப்பட்டோர் படியெடுத்துக்கொண்டனர். பட்டியல் பெருத்தபின் இது சரிப்படவில்லை. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் எண் சொல்லும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். அடுத்த ஆண்டே பெர்க்லி மாணவர் நால்வர் அதற்கு 'பைண்ட்' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினர். பட்டறைக் கணினியில் இன்றும் ஓடுவது அதன் வாரிசுதான்.

3. களம்

ஜூஜூவாடி டீக்கடையில் லாரியை நிறுத்திய டிரைவர், "அண்ணா, இந்த கியர் கம்பெனி எங்கங்க?" என்கிறார். "சிப்காட் ஒண்ணா, ரெண்டா?" என்று டீ மாஸ்டர் எதிர்க்கேள்வி போடுகிறார். மாநில எல்லைக்கு அப்பாலுள்ள முகவரி என்றால், "அத்திப்பள்ளில கேளுங்க" என்று கைகாட்டுகிறார். தன் அதிகார எல்லையை அறிந்து அடுத்தவரிடம் அனுப்பும் இந்தப் பண்பே டிஎன்எஸ்ஸின் உயிர்நாடி. உச்சியில் ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் உள்ள மூலச் சர்வர்களும் விடை சொல்வதில்லை, கைதான் காட்டுகின்றன.

வேறுபாடு இரண்டு. டிஎன்எஸ் தான் கேட்டறிந்ததை, குறித்த கெடு வரை மட்டுமே நினைவில் வைக்கும். 86400 வினாடி என்றால் ஒரு நாள். இடம் மாறிப்போன கம்பெனிக்கும் டீ மாஸ்டர் பழைய வழியையே சொல்வார். மேலும், இல்லாத பெயரை 'இல்லை' என்று டிஎன்எஸ் ஒப்புக்கொள்ளும். இல்லாத கம்பெனிக்கும் வழி சொல்லாத டீக்கடை இவ்வட்டாரத்தில் உண்டா?

4. நிறுவும் முறை

டெபியன், உபுண்டு வகைக் கணினியில் 'பைண்ட்9' தொகுப்பை நிறுவுக. 'நேம்ட்.கான்ஃப்.லோக்கல்' கோப்பில், பட்டறைக்கெனத் தனிப் பெயர்க்களம் ஒன்றை அறிவித்து, அதன் பதிவேட்டுக் கோப்பு இருக்குமிடத்தைச் சுட்டுக. பதிவேட்டில் பொறுப்பாளர், வரிசை எண், கெடு, பிறகு ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி. 'நேம்ட்-செக்சோன்' கொண்டு சரிபார்த்து, 'ஆர்என்டிசி ரீலோட்' செய்து, 'டிக்' கட்டளையால் கேட்டுப் பார்க்க. ஃபயர்வாலில் 53ஆம் போர்ட் யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறந்திருக்கட்டும். உள்வலைக்கு மட்டும் விடை சொல்லச் செய்க. ஊருக்கெல்லாம் பதில் சொல்லும் சர்வர் பிறர் தாக்குதலுக்குக் கருவியாகும்.

5. பிழைகள்

அ) புள்ளிப் பிழை: பதிவேட்டில் முழுப்பெயரின் இறுதியில் புள்ளி வைக்காவிட்டால், களத்தின் பெயர் இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும். பிரிண்டர், 'பிரிண்டர்.பட்டறை.பட்டறை' ஆகிவிடும்.

ஆ) வரிசை எண் பிழை: பதிவேட்டைத் திருத்தியவர் வரிசை எண்ணைக் கூட்ட மறந்தால், பதிவேட்டைப் படியெடுத்து வைத்திருக்கும் துணைச் சர்வர் எதுவும் மாறவில்லை என்றே கருதிப் பழைய விடையைச் சொல்லிக்கொண்டிருக்கும். பாதிப்பேருக்கு பிரிண்டர் வேலை செய்யும், மீதிப்பேருக்குச் செய்யாது. இதற்குக் கேபிள்காரரைத் திட்டுவது மரபு.

6. முடிவு

பெயர் பலருக்குச் சொந்தம். பதிவேட்டுக்கு ஒருவரே பொறுப்பு. ஆகவே சிப்காட் பட்டறையாளர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: கேபிள்காரருக்கு போன் போடும் முன் வரிசை எண்ணைப் பாருங்கள்.