செத்தது யார் என்று எனக்குத் தெரியாது

மெதுவாக நகரும் குற்றப்படங்களை ரசிக்கத் தெரிந்தவன் என்று மைசூர் பக்கத்து நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கூட வேலை பார்க்கும் தருமபுரி, ஓசூர்ப் பையன்கள் வார விடுமுறை வந்தால் "அண்ணே, நல்ல படமா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பார்கள். நானும் தாடையைச் சொறிந்துகொண்டு, சண்டையில்லாத, பாட்டில்லாத, மழை மட்டும் விடாமல் பெய்கிற ஒரு படத்தின் பெயரைச் சொல்வேன். திங்கட்கிழமை வந்து "ரொம்ப ஸ்லோண்ணே" என்பார்கள். "ஸ்லோ இல்லடா, ஸ்லோ பர்ன்" என்பேன். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் காலம் தள்ளிவிட்டேன்.

அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் நான் தூங்கியிருக்கிறேன் என்பது இதுவரை வெளியே வராத தகவல்.

குறை முழுக்க என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவன் கொலை நடக்கும் வரை கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு. இந்த வகைப் படங்களில் கொலையும் சீக்கிரம் நடந்து தொலைக்காது. முதலில் ஊரைக் காட்டுவார்கள். பிறகு ஊரில் ஒரு டீக்கடை. பிறகு டீக்கடையில் யாரும் பேசாமல் டீ குடிப்பது. பிணம் விழும் நேரத்தில் நான் குறட்டையில் இருப்பேன். விழித்துப் பார்த்தால் போலீஸ் ஜீப் நிற்கும், நாலு பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். யார் அழுகிறார்கள், யார் அழவில்லை என்று பார்த்துச் செத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கொலைகாரனைத் தேடுவார், நான் பிணத்தைத் தேடுவேன்.

2017இல் நிவின் பாலி நடித்து 'ரிச்சி' வந்தபோது "ஒரிஜினல் பக்கத்தில்கூட நிற்க முடியாது" என்று கேன்டீனில் தீர்ப்பு சொன்னேன். ஒரிஜினல், ரக்ஷித் ஷெட்டி 2014இல் கன்னடத்தில் எடுத்த 'உளிதவரு கண்டந்தே'. அதை நான் அப்போது பார்த்திருக்கவில்லை. ரிச்சியையும் பார்த்திருக்கவில்லை. "ஒரிஜினல்ல யாருண்ணே நல்லா பண்ணிருப்பாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். "எல்லாருமே" என்றேன். அப்புறம் பயந்துபோய் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் போட்டேன். மல்பே மீன்பிடித் துறைமுகம், கிருஷ்ண ஜெயந்தி சமயம். நடந்ததை ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, ஒரு பத்திரிகைக்காரப் பெண் கேட்டுத் தொகுக்கிறாள். அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். வெளியானபோது தியேட்டரில் பெரிதாக ஓடாமல், பிற்பாடுதான் படத்துக்கென்று ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் முன்தேதியிட்டுச் சேர்ந்துகொண்டேன்.

2021இல் 'கருட கமன விருஷப வாகன' வந்தது. மங்களூரு தாதாக்கள் கதை. மழையில் ராஜ் பி. ஷெட்டி புலியாட்டம் ஆடும் இடம் இன்றைக்கும் என்னை மயிர்க்கூச்செறிய வைப்பது. அது மட்டும் சத்தியம். ஆனால் "ஏண்ணே திடீர்னு ஆடறாரு?" என்று கேட்டவனிடம், "அது அவனோட அகம்" என்றேன். "அகம்னா?" என்றான். "அகம்னா அகம்தான்" என்றேன். அவன் அதற்குப் பிறகு என்னிடம் படம் கேட்டதில்லை.

இதெல்லாம் வெளியில் நடந்த கூத்து. வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது 'சாகாஹாரி'யில்.

நான் குடியிருப்பது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா, எழுபதைத் தாண்டியவர், சுத்த சைவம். வீட்டுக்குள் முட்டை வரக்கூடாது என்பது அட்வான்ஸோடு சேர்த்துப் பேசிய நிபந்தனை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு வரும் நாட்களில் வாசலைக் கடக்கும் முன் பல்பொடி போட்டுப் பல் தேய்ப்பேன். அதுவும் இந்த ஊர்ப் பொடியேதான். 1913இல் பி. வி. பண்டித் இங்கே தொடங்கிய சத்வைத்யசாலையின் சரக்கு. தமிழ்நாட்டில் பழைய ஆட்களிடம் நஞ்சன்கூடு என்றால் கோயில் ஞாபகம் வருவதற்கு முன்னால் பல்பொடி ஞாபகம் வரும். பண்டித் இந்த உபயோகத்தை நினைத்திருக்க மாட்டார்.

'சாகாஹாரி' 2024 பிப்ரவரியில் வந்தது. சைவச் சாப்பாட்டுக்காரர் என்று பொருள். சந்தீப் சுங்கத்துக்கு இது முதல் படம். மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில் சின்ன சைவ ஹோட்டல் நடத்தும் சுப்பண்ணா, கல்யாணம் ஆகாத, தனியாக வாழும் மனிதர். சுப்பண்ணாவாக ரங்காயண ரகு. அவர் பெயரைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 1989இல் பி. வி. காரந்த் மைசூரில் தொடங்கிய ரங்காயண நாடகக் குழுவில் வளர்ந்தவர் ரகு. குழுவின் பெயர் அவர் பெயரோடே ஒட்டிக்கொண்டது. அம்மாவின் கணவர் மைசூரில் வேலையில் இருந்த காலத்தில் இருவரும் அங்கே நாடகம் பார்த்தவர்கள். சினிமாவில் அவரைக் கத்தவைத்தும் கோணங்கித்தனம் செய்யவைத்தும் வீணாக்குகிறார்கள் என்பது அம்மாவின் பழைய மனக்குறை. "இது எப்படி, நல்ல படமா?" என்று கேட்டார்.

"ஹோட்டல்காரர் கதைம்மா. சைவம். தைரியமா பார்க்கலாம்" என்றேன். சொன்ன அளவுக்கு உண்மைதான். நான் பார்த்திருந்தது அந்த அளவுக்குத்தான். அதற்கு மேல் தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டு டிவியில் போட்டோம். அம்மா விளக்குத்திரி திரித்துக்கொண்டே பார்த்தார். நான் ரசிகன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நடுநடுவே "ஷாட்டைப் பாருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா ஷாட்டைப் பார்க்கவில்லை. அந்த ஹோட்டலில் பாத்திரங்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, சுப்பண்ணா எந்தத் துணியில் கை துடைக்கிறார் என்று பார்த்தார். "தனியா இருக்கிறவன். யார் வந்து நின்னாலும் உள்ளே விட்டுடுவான்" என்றார். கொஞ்ச நேரத்தில், மனைவியைக் கொன்றதாகப் பழி சுமந்து போலீஸிடமிருந்து தப்பி ஓடிவந்த ஒருவன் அந்த வீட்டுக்குள் நுழைந்தான். பிறகு நடப்பது எதுவும் சைவமில்லை. என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். சொல்லிக் கெடுத்த கதை கீழே வருகிறது.

நான் விழித்தபோது அம்மா திரி திரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"ஏனப்பா, இதுதான் நீ சொன்ன சைவமா?"

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "சும்மா இரு, முடியட்டும்" என்றார். அந்த இன்ஸ்பெக்டர், கோபாலகிருஷ்ண தேஷ்பாண்டே, முகத்தில் அத்தனை களைப்போடு வரும் காட்சிகளில் அம்மா உச்சுக்கொட்டினார். படம் முடிந்தும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. ரகுவுக்குக் கடைசியில் ஒரு வேஷம் கிடைத்தது என்பதில் திருப்தி. என் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பதால், "கொஞ்சம் ஸ்லோ இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"எங்கே ஸ்லோ? அந்த ஆள் ஒரு நிமிஷம் உட்காரவில்லையே. காலையிலே இருந்து வேலை. அதையெல்லாம் பார்க்காம நீ எதைப் பார்த்தே?"

நான் எதைப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

மறுநாள் கேன்டீனில், "சாகாஹாரியை ஸ்லோன்னு சொல்றவனுக்கு உழைப்புன்னா என்னன்னு தெரியலைடா. அந்த மனுஷன் படம் பூரா உட்காரவே மாட்டான், கவனிச்சியா?" என்று அம்மாவின் கருத்தை என் கருத்தாக விட்டேன். நல்ல வரவேற்பு. அந்த உற்சாகத்தில், அன்றிரவு பார்ப்பதாக இருந்த ஒரு பையனிடம் முடிவையும் சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ரெண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "அண்ணே, நீங்க சொன்ன முடிவே இல்லண்ணே அது! அதையே நினைச்சுட்டு பார்த்தேனா, கடைசியில தூக்கி வாரிப் போட்டுச்சு. வேணும்னேதானே மாத்திச் சொன்னீங்க?"

"பின்னே?" என்றேன்.

நான் சொன்னது தூக்கத்தில் நானே முடித்துவைத்த கதை.

இதற்கு நடுவில் கதாசிரியன் ஆகவும் ஒரு முயற்சி. மல்பேக்குக் கடல் இருக்கிறது, மலைநாட்டுக்கு மழையும் பாசி பிடித்த ஓடும் இருக்கின்றன. கேமராவைத் திருப்பினால் படம் கிடைக்கும். நஞ்சன்கூட்டில் திருப்பினால் ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகிற லாரிகளும் தொழிற்சாலைச் சுவரும்தான் விழும். ஆனால் கபிலா ஆற்றங்கரை இருக்கிறது, ஸ்ரீகண்டேஸ்வரர் தேர் இருக்கிறது, நம்முடைய ரசபாளை வாழைப்பழம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, ரசபாளைத் தோப்பில் இரவில் கன்று திருடுகிறவனைத் தேடும் ஏட்டு ஒருவரின் கதையை அம்மாவிடம் சொன்னேன். புவிசார் குறியீடு வாங்கிய பழம், வாடல் நோயால் அருகிப்போனது, அதனால் திருட்டு என்று காரணகாரியமெல்லாம் இருந்தது. அம்மா பொறுமையாகக் கேட்டார். "யார் தோட்டத்துலப்பா இருக்கு, திருடறதுக்கு? திருடுறவன் முதல்ல மரத்தைத் தேடணும். அந்த ஏட்டு அவனுக்கு அப்புறம்தான்" என்றார். அதுவே இன்னும் நல்ல கதையாக இருக்கிறது என்பதால் என்னுடையதைக் கைவிட்டேன். அம்மாவுடையதை எழுதும் அளவுக்கு நான் விழித்திருக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் படம் போடச் சொல்லி அம்மாவே கூப்பிடுகிறார். போன வாரம் 'கவலுதாரி'. 2019இல் ஹேமந்த் ராவ் எடுத்தது, தமிழில் 'கபடதாரி'யாக வந்தது. சிற்றூர் இல்லை, பெங்களூரு. மெட்ரோவுக்குத் தோண்டும் இடத்தில் எலும்புகள் கிடைக்க, ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வேண்டாத வேலையாகத் துப்பறியப் போகிறார். இடைவேளை வருவதற்குள் அம்மா, "இவன்தான்" என்று ஒருவரைக் கைகாட்டிவிட்டு, சரியா என்பதுபோல என்னைப் பார்த்தார். படத்தை நான் ஏற்கெனவே பார்த்தவன், அதைப் பற்றிக் கேன்டீனில் அரைமணி நேரம் பேசியவன். அவர் சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "பொறுத்திருந்து பாருங்கம்மா" என்றேன்.