வண்டல் மாமா பதில்கள்

மாமா, வண்டல் வண்டல் என்று எல்லாரும் உருகுகிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது? (செங்கல்பட்டு)

அளவு. மணலைவிடப் பொடி, களியைவிடப் பருமன். துகள் ஒன்று 0.002 மில்லிமீட்டருக்கு மேல், 0.05க்குக் கீழ். மணல் கையில் காசு தங்காத ஊதாரி. தண்ணீரை அப்படியே கீழே விட்டுவிடும். களி எச்சில் கையால் காக்கை ஓட்டாத கஞ்சன். பிடித்ததை வேருக்கே கொடுக்காது. வண்டலுக்குத்தான் குடும்பம் நடத்தத் தெரியும்.

என் நிலத்தில் இருப்பது வண்டலா, களியா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (திருக்கழுக்குன்றம்)

ஈர மண்ணை விரலிடையில் தேயுங்கள். நறநறத்தால் மணல். ஒட்டிக்கொண்டு, உருட்டினால் திரியாக நீண்டால் களி. வழுவழுவென்று இருந்தும் ஒட்டாமல் நழுவினால் வண்டல். சந்தேகம் தீராவிட்டால் ஒரு கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் நிமிஷத்தில் அடி தொடும், வண்டலுக்கு மணிக்கணக்கு, களிக்கு நாள்கணக்கு. காலி பாட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

ஆற்றோரம் என் பங்கு முழுக்க மணல். தள்ளி இருக்கும் பங்காளி பங்கில் அருமையான வண்டல். பாகப்பிரிவினையில் ஏமாந்துவிட்டேனா? (பாலூர்)

ஏமாற்றியது ஆறு. கரைபுரண்ட வெள்ளம் வேகம் குறைந்ததும் கனமான சரக்கை முதலில் இறக்கும். மணல் கரையோரம், வண்டல் அதற்கப்பால், களி கடைசியில் பள்ளத்தில். கரை மேட்டில் காய்கறி வையுங்கள். பள்ளத்துக் களி நெல்லுக்கு. வழக்கு மட்டும் வேண்டாம். பாலாற்றைப் பிரதிவாதியாகச் சேர்த்தால், சம்மன் வாங்க வருஷத்தில் பத்து மாதம் அது ஊரில் இருக்காது.

பாலாற்றின் நீளம் எவ்வளவு? தேர்வுக்குத் தேவை. (ஒரு மாணவி, மாமண்டூர்)

348 கிலோமீட்டர். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. 'ஓடி' என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. பாலத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதினால் கை நடுங்கும்.

வெள்ளம் வயலுக்கு நல்லதா, கெட்டதா? (வயலூர்)

எந்த வேகத்தில் வந்தது என்று சொல்லுங்கள், சொல்கிறேன். மெதுவாகப் பரவி நின்று வடிந்தால் விரற்கடை வண்டல் வரவு. உடைப்பெடுத்துப் பாய்ந்தால் முழங்கால் மணல் செலவு. அதை வாரிக் கொட்டிய பிறகுதான் ஏர். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தவர்கள் அதிகம். வயலில் என்ன விட்டுப்போனது என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு.

அணை கட்டினால் வண்டல் வராமல் போகுமாமே? (மேல்மருவத்தூர்)

எகிப்தியரைக் கேளுங்கள். 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தது. ஆண்டுதோறும் நைல் நதி வயலுக்குக் கொண்டுவந்த வண்டல், அணைக்குப் பின்னால் நாசர் ஏரியில் தங்கிவிட்டது. உழவர் உர மூட்டையைத் தோளில் ஏற்றினார். நமக்கு அவ்வளவு பெரிய அணை தேவைப்படவில்லை. மணல் லாரியே போதுமானதாக இருந்தது.

ஆற்றில் மணல் அள்ளினால் வயல் மண்ணுக்கு என்ன நஷ்டம்? புரியும்படி சொல்லுங்கள். (அதே மேல்மருவத்தூர், விடமாட்டார் போலிருக்கிறது)

ஆற்றின் தரை தாழ்ந்தால் சாதாரண வெள்ளம் கரை ஏறாது. ஏறாத வெள்ளம் வண்டல் போடாது. இது பாதி.

மீதி இன்னும் மோசம். பாலாறு மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆறு. பழையவர்கள் அந்த ஊறலை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு இழுத்தார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையமே பாலாற்று மணலில் கிணறு போட்டுத்தான் நன்னீர் எடுத்தது. அந்த மணல்தான் சென்னையில் மாடி மாடியாக எழுந்து நிற்கிறது. இங்கே ஊற்று போய்விட்டது. கால் மட்டும் கிடக்கிறது.

மேலே தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததே, அது வண்டலோடு சேர்ந்து வராதா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

சேரும். குரோமியம் போன்ற உலோகங்கள் நுண்துகளைப் பற்றிக்கொள்ளும். மணலைவிடப் பொடிமண்ணில்தான் அவற்றுக்கு ஒட்டு அதிகம். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்டில், 'மாசு செய்தவரே ஈடு தர வேண்டும்' என்ற கொள்கை நம் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொள்கை நாடு முழுக்கப் போய்விட்டது. கழிவுதான் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை.

ஏரியில் தூர் வாருவது இந்தக் காலத்து யோசனைதானே? (செய்யூர்)

பராந்தக சோழன் கோபித்துக்கொள்வார். அவர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919லும் 921லும், ஏரி வாரியம் உண்டு. குடவோலையில் ஆள் எடுத்தார்கள். ஏரியில் ஓடம் விட்டு மண் எடுக்க நிவந்தம் வைத்த கல்வெட்டுகளும் தொண்டை மண்டலத்தில் இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் உறவினரும் முடியாது. இவ்வளவு நல்ல விதியைக் கல்லிலேயே விட்டுவைத்திருக்கிறோம் பாருங்கள், பத்திரமாக.

மதுராந்தகம் ஏரியை ராமரே காத்தாராமே, உண்மையா? (மதுராந்தகம்)

1790களில் இங்கே கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். கரை உடையப் போகிற மழை இரவில், வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார் என்பது ஊர்க்கதை. கோயில் பெயரே ஏரிகாத்த ராமர். கரையை அவர் காத்துவிட்டார். தூரையும் அவரே வாரட்டும் என்று உட்கார்ந்திருந்தது நாம்.

சரி மாமா, ஆறும் வண்டல் போடவில்லை. இருக்கிற வண்டல் எங்கே? (அச்சிறுபாக்கம்)

உங்கள் ஏரியின் வயிற்றில். மழைநீர் வழித்துக்கொண்டு வந்த மேல்மண் அங்கேதான் படிகிறது. உங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்கும் சரளைக்கும் அதை அடித்தால் ஈரம் நிற்கும். ஏற்கெனவே களியாக இருக்கும் வயலில் களியான ஏரி மண்ணை அடிப்பது, பணம் கொடுத்துத் தலைவலி வாங்குவது. ஏரி மண்ணும் வயல் மண்ணும் இரண்டையும் பரிசோதித்துவிட்டு டிராக்டரைக் கூப்பிடுங்கள். ஏரியில் உவர் இருந்தால் வயலிலும் உவர்.

வண்டல் நிலத்துக்கு உரமே வேண்டாமாமே? (கருங்குழி)

சொன்னவர் உரம் போடாதவர், அல்லது அறுக்காதவர். சாம்பல் சத்து பொதுவாக இருக்கும். தழைச்சத்துக்குக் கை ஏந்தும். தக்கைப்பூண்டோ கொளுஞ்சியோ விதைத்து மடக்கி உழுங்கள். வேடந்தாங்கல்காரர்களுக்கு மட்டும் அந்தச் சத்து வானத்திலிருந்து வருகிறது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பாய்வதால், பறவைகளைச் சுட வந்த சிப்பாய்களைத் தடுக்கச் சொல்லி அந்தக் காலத்திலேயே மேற்படி பிளேஸ் துரையிடம் கௌல் என்னும் எழுத்துறுதி வாங்கியவர்கள் அவர்கள்.

உளுந்து விதைத்த மறுநாள் மழை. மண் பொருக்குத் தட்டி முளை வெளியே வரவில்லை. ஏன்? (பவுஞ்சூர்)

வண்டலின் ஒரே கெட்ட குணம். மழைத்துளி அடித்ததும் கட்டிகள் கரைந்து, பொடி அடுக்கி, காய்ந்ததும் மூடிக்கொள்ளும். லேசாகக் கொத்தி உடையுங்கள். தொழுவுரமும் மூடாக்கும் இருந்தால் அடுத்த முறை அவ்வளவு இறுகாது. சேறாக இருக்கும்போது உழுதுவிட்டு வானிலைக்காரரைத் திட்டாதீர்கள்.

மாமல்லபுரம் பக்கம் என்ன மண்? என்ன விளையும்? (கோவளம்)

கடற்கரை மணல். சவுக்கு, வேர்க்கடலை, தர்பூசணி. இப்போது ரிசார்ட். கடைசிப் பயிர் தண்ணீர் அதிகம் கேட்கும்.

சுனாமி உப்பு இன்னும் நிலத்தில் இருக்குமா? (சதுரங்கப்பட்டினம்)

2004 டிசம்பரில் ஏறிய உப்பை மணற்பாங்கான நிலங்கள் அடுத்தடுத்த மழையில் கீழே கழுவிவிட்டன. களிதான் பிடித்துவைத்துப் படுத்தும். அங்கே வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி வடிக்க வேண்டும். சோடியம் மிகுந்து களராகிவிட்டால் ஜிப்சமும் வேண்டும். இன்றைக்கு உங்கள் கவலை அலை அல்ல. கடலோரத்தில் போட்டி போட்டு உறிஞ்சும் போர்வெல்கள் வழியாக உப்பு அழைப்பிதழோடு வருகிறது.

ஏரி வண்டல் எடுக்க யாரைப் பார்க்க வேண்டும்? எவ்வளவு கொடுக்க வேண்டும்? (சித்தாமூர்)

மண்ணுக்குக் காசில்லை, 2017 முதல். அப்போது வைத்த அளவு ஏக்கருக்கு நஞ்சையில் 75 கனமீட்டர், புஞ்சையில் 90. 2024இலிருந்து தாசில்தாரே அனுமதி தரலாம். கலெக்டர் ஆபீஸ் படி ஏற வேண்டாம். இலவசம் மண் மட்டும்தான்; ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் வாடகை உங்களுடையது. வயல் பெயரில் அனுமதி வாங்கி மனைப்பிரிவு மேடு ஏற்றுகிறவர்களுக்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது, போலீசிடம் கிடைக்கும்.

எப்போது மனுக் கொடுக்கலாம்? (மறுபடியும் சித்தாமூர்)

ஏரி வற்றுவது சித்திரை, வைகாசியில். ஐப்பசி அடைமழை வந்தால் வண்டல் தண்ணீருக்கடியில் போய்விடும். பட்டா, சிட்டா நகலோடு இப்போதே கிளம்புங்கள்.