‘ஓகே மிஸ்’ அப்பா

ஆரணிப் பட்டு நெய்கிற வட்டாரத்தில், தெள்ளார் போன்ற ஊர்களில், ஐந்தாறு வருடங்களாக ஒரு புதுவகைத் தகப்பனார் நடமாடிக்கொண்டிருக்கிறார். ‘ஓகே மிஸ்’ அப்பா என்று அவரைச் சொல்லலாம். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் எது வந்து விழுந்தாலும், விழுந்த சத்தம் அடங்குவதற்குள் ‘ஓகே மிஸ்’ என்று போட்டுவிடுவார். நாளைக்கு விடுமுறையா, ஓகே மிஸ். மூன்றாம் பாடத்துக் கணக்குகளா, ஓகே மிஸ். ‘உங்கள் பையன் நான்கு நாளாக வீட்டுப்பாடம் எழுதவில்லை’ என்று தனியாக ஒரு செய்தி வந்தாலும் அதே ஓகே மிஸ்தான். கூடுதலாகக் கும்பிடும் கைகள் இரண்டு. கூட வரும் பிடிஎஃப்பை அவர் திறப்பதில்லை. திறந்தால் போனில் இடம் அடைக்கும். அந்த இடம் புடவை வீடியோக்களுக்கு வேண்டும். பள்ளியில் கொடுத்திருப்பது அவருடைய எண் என்பதால் வீட்டுப்பாடம் எப்போதும் அவர் சட்டைப்பையில்தான் குடியிருக்கும். நெய்த புடவையை ஒப்படைக்க அவர் வந்தவாசி வழியாக ஆரணிக்கு பஸ் ஏறினால் அதுவும் கூடவே ஏறும். ஆரணியில் டீ குடிக்கும், முதலாளி வீட்டுத் திண்ணையில் கூலிக்குக் காத்திருக்கும், ராத்திரி ஒன்பது மணிக்குக் களைத்துப்போய் வீடு திரும்பும். யாருக்காக அந்தப் பாடம் வந்ததோ அந்தப் பிள்ளை அதற்குள் தூங்கியிருக்கும்.

கைப்பேசி பற்றி இவரிடம் இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை, ஆனால் இரண்டையும் ஒரே நாளில் சொல்லுவார். காலையில் கேட்டால், “புள்ள படிக்கட்டும்னுதான் கடன வாங்கி இந்த போன வாங்கனேன். எல்லாம் அதுக்குள்ளயே இருக்குது.” சாயங்காலம் கேட்டால், “இந்த போனாலதாங்க புள்ளைங்களே கெட்டுப்போச்சிங்க.” இரண்டாவது கொள்கையை அவர் குரல்பதிவாகவும் அனுப்புவார், சொந்தக்காரர்கள் குரூப்புக்கு, மூன்று நிமிடத்துக்குக் குறையாமல். அதைப் பதிவு செய்யும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து போன் எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இது முரண்பாடு. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே கொள்கைதான். போனை வாத்தியார் என்று சொன்னாலும் வில்லன் என்று சொன்னாலும் ஓர் ஆளுக்கு வேலை மிச்சமாகிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டிய ஆளுக்கு. டிஜிட்டல் கல்வி என்று நாம் போடும் சண்டையில் பாதி, அந்தக் காலி நாற்காலியைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்பது என் துணிபு.

இவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டின் டிஜிட்டல் கல்வி வரலாறு முழுக்க இவர் வீட்டு வழியாகத்தான் போயிருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது பிளஸ் டூ படித்தவர்களுக்கு இன்று முப்பதைத் தாண்டிய வயது. அவர்களில் பலருக்குப் பள்ளி போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மடிக்கணினியில் அன்றைக்கு என்ன படித்தீர்கள் என்று இந்தத் தலைமுறையை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பெரும்பாலும் சினிமாப் பெயர்களே பதிலாக வரும். 2018-இல் புதிய பாடநூல்கள் கியூஆர் கட்டங்களோடு வந்தன. 2019 ஆகஸ்ட் 26-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது ஒரே போனுக்கு வீட்டில் மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள்: ஆன்லைன் வகுப்புக்கு மூத்தவள், விளையாட்டுக்குச் சின்னவன், புடவைக்கு ஆர்டர் வருகிறதா என்று பார்க்க அப்பா. ‘ஓகே மிஸ்’ என்ற சொல் அந்த நாட்களில்தான் அவர் விரலில் ஊறியது. அப்போது அதற்கு அர்த்தமும் இருந்தது. இந்தப் பிள்ளை இன்னும் பள்ளியை விட்டுப் போய்விடவில்லை என்று மிஸ்ஸுக்குச் சொல்ல வேறு வழியில்லை. பள்ளி திறந்துவிட்டது, விரல் மட்டும் ஊரடங்கிலேயே இருக்கிறது.

அவருடைய இன்னொரு தளம் ஸ்டேட்டஸ். இதற்குத் தெள்ளார் மண்ணில் ஒரு முன்னோடி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே பாண்டியனை வென்று ‘தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்’ என்று பெயர் வாங்கிய மூன்றாம் நந்திவர்மனைப் பற்றி நந்திக் கலம்பகம் பாடப்பட்டது. புகழ்ப்பாட்டின் முடிவில் உயிர் போகும் என்று தெரிந்தும் ஆசையோடு உட்கார்ந்து கேட்டு முடித்தான் என்பது செவிவழிக் கதை. நம் அப்பாவின் ஆசை அவ்வளவு அபாயமில்லை. மகள் வாங்கிய சான்றிதழுக்கு எத்தனை பேர் இதயம் போட்டார்கள் என்று அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அண்மையில் வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ வந்து உட்கார்ந்துகொண்டதால் வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. மகள் அதைக் கேட்கிறாள், அது கட்டுரை எழுதுகிறது, அப்பா ‘என் மகளின் எழுத்து’ என்று ஸ்டேட்டஸில் வைக்கிறார், மாமா கைதட்டுகிறார். இத்தனை பேர் பங்கெடுத்த ஒரு கட்டுரையை ஒருவர்கூடப் படிக்கவில்லை.

சிரிப்பு இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் ஏசர் அறிக்கை 2024-இல் 14 முதல் 16 வயதினரைக் கேட்டது. அவர்களில் 82 விழுக்காட்டினருக்குத் திறன்பேசியைக் கையாளத் தெரிந்திருந்தது. கையாளத் தெரிந்த இவர்களில், முந்தைய ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்காக ஏதாவது ஒரு வகையில் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. அப்பாவின் காலைக் கொள்கைக்கும் இதில் ஆதாரம் இருக்கிறது, சாயங்காலக் கொள்கைக்கும் இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பு சொல்லும் ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரு நாட்டில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வில், கணினி பழகிவிட்டது, ஆனால் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. அப்படியென்றால் திரையே வீண் என்று முடிவுகட்டவும் முடியாது. டெல்லியில் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். பள்ளி முடிந்து மையத்துக்கு வந்த பிள்ளைகள் நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் கண்ணுக்குத் தெரியும்படி முன்னேறினார்கள். அங்கே பாதி நேரம் கணினி, மீதி நேரம் சின்னக் குழுவாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆள். பெருவில் பெட்டி மட்டும் போனது, டெல்லியில் பெட்டியோடு ஓர் ஆளும் உட்கார்ந்தார்.

நம் மாநிலத்துக் கணக்கு இதைவிட நெருக்கமானது. ஊரடங்கில் பிள்ளைகள் மறந்த பாடத்தை மீட்க 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. தெள்ளாரிலிருந்து திண்டிவனம் போய்க் கொஞ்சம் கிழக்கே திரும்பினால் வரும் ஊர்தான் அது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு கரும்பலகை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வின்படி, பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்வாசி இல்லம் தேடிக் கல்வியின் கணக்கில் சேர்கிறது. பக்கத்துத் தெரு அக்கா பாயில் உட்கார்ந்து சாதித்தது இது. ‘ஓகே மிஸ்’ அப்பாவுக்கு இந்தச் செய்தி உவப்பாக இராது, ஏனென்றால் அந்த அக்காவை ஃபார்வர்டு பண்ண முடியாது.

“தறிக்காரனுக்கு உக்கார ஏதுங்க நேரம்?” என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி, லேசாகத் தள்ளிவிடக் கூடாது. கூலி புடவைக் கணக்கு; தறி நின்றால் வரும்படி நிற்கும். ஒரு தலைமுறைக்கு முன்பு இதே தறிகளில் பிள்ளைகள் துணையாக உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பியது இந்த வட்டாரம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் தறி வீட்டுக்கு ஒரு சலுகை இருக்கிறது. தகப்பன் நாளெல்லாம் வீட்டில் இருக்கிறார், பிள்ளை நாலரை மணிக்கு வந்து அதே கூடத்தில் உட்காருகிறது. பாடம் நடத்த வேண்டாம், “இன்னிக்கு அதுல இன்னா பாத்த, சொல்லு” என்று கேட்பதற்குக் கால் மிதியை விட்டு இறங்க வேண்டியதில்லை. கேட்கவிடாமல் செய்வது மிதி இல்லை, எதிரே சாய்த்து வைத்திருக்கும் போனில் ஓடும் ரீல்ஸ். அதோடு அவர் தலைக்கு மேலேயே பாடம் தொங்குகிறது. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த பெட்டிதான் இன்றும் புட்டாவையும் பார்டரையும் எழுப்புகிறது. அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. பின்னால் வந்த கணிப்பொறிகள் இந்த அட்டையிடம்தான் பாலபாடம் கற்றன. அந்த வகையில் நம் ஊர் நெசவாளி கணினியோடு கூட்டுக் குடித்தனம் நடத்தி வருபவர். பெட்டி இழையைத் தூக்கும், ஊடையைத் தள்ளவும் அறுந்த இழையைப் பிடித்து முடியவும் ஆள் உட்கார வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியை நம்பிப் புடவையை விட்டுவிட்டு அவர் ஒருநாளும் டீ குடிக்கப் போனதில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. எதிரே இருப்பது சாதாரணப் பெட்டி இல்லை. கண்ணை எடுக்கவிடாமல் செய்வதற்கே ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் சம்பளம் வாங்கும் கம்பெனிகள் பின்னால் இருக்கின்றன, ஒரு தறிக்காரர் தனியாக என்ன செய்வார்? சரிதான். அதனால்தான் ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கும் வரட்டும், நான் வரவேற்பேன். ஆனால் எந்த நாட்டுச் சட்டமும் 38 வயதுக்காரரின் கணக்கை மூடப் போவதில்லை. பிள்ளை தூங்கியபின் ஒரு மணி வரை நீல வெளிச்சத்தில் மூழ்கிக் கிடப்பது யார் என்று அந்த வீட்டுச் சுவருக்குத் தெரியும், காலையில் தேய்ந்த கண்ணோடு பாவுக்கு முன்னால் உட்காருபவருக்கும் தெரியும். “போன வையிடா” என்று அவர் அதட்டும்போது பையன் ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பார்க்கிறான். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லும் செயலி இன்னும் வரவில்லை.

கடைசியாக அவர் சொல்லும் சாக்கு கொஞ்சம் வெட்கத்தோடு வரும். பையன் படிப்பது இங்கிலீஷ் மீடியம், தனக்கு அதில் ஒன்றும் புரியாது, கேட்டால் கதை விடுவான், கதை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. புரியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்ப்பதைவிடப் பெரிய பரீட்சையைப் பள்ளிக்கூடத்தால்கூட வைக்க முடியாது. அரசின் மணற்கேணி பாடச் செயலியில் பார்த்த ஒளிச்சேர்க்கை வீடியோவைத் தமிழில், அதுவும் தெள்ளார்த் தமிழில், தறிச் சத்தத்துக்கு மேல் குரலெடுத்து அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்கும் பையனுக்கு அது பாதி மனசில் தங்கிவிடும். முதல் இரண்டு நாள் அவன் புளுகலாம். மூன்றாம் நாள், மூலையில் தார் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா வாயைத் திறப்பாள்: “நேத்து வேற மாதிரி சொன்னியே?” பள்ளிக்கு அவள் எண்ணைக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.